இரண்டாம் முறை வந்த விஸ்வரூபம்

1973-ஆம் வருஷம் மே மாதத்தில் திண்டுக்கல் சமவெளி ஜனங்களுக்கு ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு விசேஷங்கள் நேர்ந்தன. மே 11-ந் தேதி "உலகம் சுற்றும் வாலிபன்" என்னும் படம் தமிழ்நாட்டில் வெளியாயிற்று. மே 20-ந் தேதி திண்டுக்கல் பாராளுமன்றத் தொகுதியில் இடைத் தேர்தல் நடந்தது. கொடைரோட்டு ரயில் நிலையத்தில் கோடைக்கானலுக்குப் போகும் கூட்டம் இறங்கும் மாதம் அது. அந்த வருஷமோ, மலையேறுகிறவர்களைவிடப் பிரசாரத்துக்கு வந்தவர்களின் புழுதிதான் இந்தச் சாலைகளில் அதிகமாகப் பறந்திருக்கும். படத்தின் கதாநாயகர், தயாரிப்பாளர், டைரக்டர் மூவரும் ஒருவரே. தேர்தலில் முதன் முதலாகப் போட்டியிட்ட கட்சியின் தலைவரும் அவரேதான். ஸ்ரீ எம்.ஜி. ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 56.

ஐம்பத்தாறு வயதுக்காரர் தம் படத்துக்கு "வாலிபன்" என்று பெயர் வைத்துக் கொண்டதைப் பற்றி யாராவது சிரித்தார்களா? சிரித்தவர்கள் இருந்திருக்கலாம், ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்குகிற வரிசையில் இல்லை. மின்னலின் சக்தியைச் சேமிக்கக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஒருவர், அவரைத் தேடிப் புறப்படும் தம்பி ஒருவன், இருவரும் எம்.ஜி.ஆர். ஜப்பானில் 1970-ல் நடந்த ஒஸாகா கண்காட்சி, ஹாங்காங், ஸிங்கப்பூர், தாய்லாந்து என்று கண்ணுக்கு விருந்தளித்துக் கொண்டே போகும் படம். அதை வெளிவர விடமாட்டோம் என்று கங்கணம் கட்டிக் கொண்டவர்கள் இருந்தார்கள். படம் வெளிவந்தால் சேலை கட்டிக் கொள்வதாக மதுரையில் ஓர் அரசியல் பிரமுகர் சவால் விட்ட கதையை இப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சுவை குன்றாமல் சொல்வார்கள். படமும் வந்தது, கொட்டகைகளும் நிரம்பின. இடைத் தேர்தலில் அவருடைய கட்சியின் ஸ்ரீ மாயத் தேவர், இரட்டை இலைச் சின்னத்தில் நின்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜயித்தார்.

இந்தப் பழங் கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. அப் படத்தின் முடிவில், அடுத்தபடியாக "கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு" வரப் போவதாக ஒரு விளம்பரம் காட்டினார்கள். ரஸிகர்கள் காத்திருந்தார்கள். ராஜு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகவேயில்லை. 1977-ல் கோட்டைக்குப் போய்விட்டார். அதன் பிறகு, 1978 ஜனவரியில், எம்.ஜி.ஆர். தாமே டைரக்ட் செய்த மூன்றாவது படமான "மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்" வெளியாயிற்று. அகிலனின் "கயல்விழி" நாவலைத் தழுவிய கதை. முதலமைச்சராகிவிட்டவர் நடித்த படம் என்ற பெருமை இருந்தும், முன்னைய இரண்டு படங்களின் ஓட்டம் அதற்கு வாய்க்கவில்லை. ஆகவே, ஒரு வயதான சண்டை வீரர் தாமே இயக்கிய படத்தின் இரண்டாம் பாகத்தைத் தமிழ் ஜனங்கள் எப்படி வரவேற்பார்கள் என்ற கேள்விக்கு 1973-ன் தலைமுறைக்கு விடை கிடைக்காமலே போயிற்று.

விடை கிடைப்பதற்கு நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று. 2018 ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீ கமல்ஹாஸன் எழுதி, டைரக்ட் செய்து, நடித்த "விஸ்வரூபம்" இரண்டாம் பாகம் வெளிவந்தது. அவருக்கு வயது 63. எம்.ஜி.ஆரைப் போலவே அவரும் அப்போது கட்சி கண்டவர். அதே வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி, கொடைரோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாண தூரத்திலுள்ள மதுரையில்தான், மக்கள் நீதி மய்யத்தின் கொடியை ஏற்றினார். கட்சி பிறந்த ஆறாவது மாதத்தில் படம். ஜாதகக்காரர்கள் இரண்டு ஜாதகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பொருத்தம் பிரமாதம் என்று சொல்லியிருப்பார்கள்!

பொருத்தம் பலிக்கவில்லை. பத்திரிகை விமர்சகர்கள் பெரும்பாலோர் படத்தைப் பார்த்து ஏமாற்றம் அடைந்தார்கள். கதை துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்றார்கள். முதற் பாகத்தின் காட்சிகளையே திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுவானேன் என்று கேட்டார்கள். வில்லன் ஒமர் ஒரு பாகத்தில் மலை போல் நின்றவன், மறு பாகத்தில் மடுவாகிவிட்டான் என்று வருந்தினார்கள். சண்டைகள் நன்றாக எடுக்கப்பட்டிருக்கின்றன, ஒலியும் ஒளியும் உயர்ந்த தரம், ஆனால் உள்ளத்தைத் தொடுவது கொஞ்சமே என்பது பொதுவான அபிப்பிராயம். ஜனங்களும் அந்த அபிப்பிராயத்துக்கு மாறாக நடந்து கொள்ளவில்லை. முதற் பாகம் கண்ட கூட்டத்தை இரண்டாம் பாகம் காணவில்லை.

முதற் பாகம் வந்த கதை வேறு. 2013 ஜனவரியில் அதற்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் பதினைந்து நாள் தடை விதித்தது. முஸ்லிம் ஸ்தாபனங்கள் சில ஆட்சேபித்தன. அதற்கு முன்பே, வீட்டுத் தொலைக்காட்சியில் படத்தை நேரே ஒளிபரப்பப் போகிறேன் என்று அவர் அறிவித்ததனால் கொட்டகைக்காரர்கள் கொதித்திருந்தார்கள். வழக்கு, மேல் வழக்கு, சமரசப் பேச்சு எல்லாம் நடந்தன. நாட்டை விட்டே போய்விட நேரலாம் என்று கமல்ஹாஸன் மனம் நொந்து பேசியதும் அப்போதுதான். சில இடங்களை வெட்டியும் சில இடங்களில் ஒலியை அடக்கியும் பிப்ரவரி 7-ந் தேதி படம் தமிழ்நாட்டில் வெளியாயிற்று. இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு எந்தப் படத்துக்கும் கூட்டம் வரும் என்று சொல்லலாம். ஆனால் கூட்டம் வந்ததற்கு ஆரவாரம் மட்டும் காரணமன்று. படத்தின் உள்ளேயே ஒரு காரணம் இருந்தது.

அமெரிக்காவில் கதக் நடனம் சொல்லிக் கொடுக்கும் நளினமான ஒரு வாத்தியார். பெண்மை கலந்த நடை, பேச்சு, கை அசைவு. மனைவிக்கே அவர் மீது அலட்சியம். அந்த வாத்தியாரைப் பிடித்துக் கட்டி வைத்து அடிக்கிறார்கள். அவர் தொழுகை செய்யச் சற்றே அவகாசம் கேட்கிறார். அடுத்த சில விநாடிகளில் அங்கிருந்த அத்தனை பேரும் தரையில் கிடக்கிறார்கள்! என்ன நடந்தது என்று நாம் சுதாரித்துக் கொள்வதற்குள், அதையே மெதுவாகத் திருப்பிக் காட்டுகிறார் டைரக்டர். விச்வநாதன் என்ற நடன வாத்தியார் மறைந்து, விஸாம் அகமது காஷ்மீரி என்ற இந்தியத் துப்பறியும் உத்தியோகஸ்தர் நிற்கிறார். தமிழ்ப் படங்களில் சண்டைக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடிக்கிறவர் யார் என்பதே அடி விழுகிற கணத்தில்தான் தெரிகிற சண்டை அபூர்வம். அந்த நடனத்துக்காகப் பண்டிட் பிர்ஜு மஹராஜுக்குத் தேசீய விருதும் கிடைத்தது.

இரண்டாம் பாகத்தின் துயரம் இங்கேதான் ஆரம்பமாகிறது. முதற் பாகம் ஒரு ரகசியத்தினால் உயிர் வாழ்ந்தது. ரகசியம் ஒரு தடவைதான் வெளிப்பட முடியும். இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் வாங்குகிறவருக்கு அந்த வாத்தியார் யாரென்று தெரியும். அவர் எத்தனை பேரை அடிப்பார் என்பதும் தெரியும். பகவான்கூடக் கௌரவ சபையில் ஒரு விஸ்வரூபம், குருக்ஷேத்திரத்தில் ஒரு விஸ்வரூபம் என்று இடம் பார்த்து, ஆள் பார்த்துத்தான் எடுத்தார். அதே கொட்டகையில் அதே ஜனங்களுக்கு முன்னால் மறுபடியும் எடுப்பதானால், புதிய காரணம் ஒன்று வேண்டும்.

காரணம் கிடைக்காமையால், படம் மூன்று காலங்களிலும் கால் வைக்கிறது. முதற் பாகத்துக்கு முன்னால் நடந்த இராணுவப் பயிற்சிக் காலம், முதற் பாகம் நடந்த ஆப்கானிஸ்தான் காலம், முதற் பாகம் முடிந்த பின் லண்டனிலும் டில்லியிலும் நடப்பவை. இவற்றுக்கிடையே உலக யுத்தத்தில் மூழ்கிய ஒரு கப்பல், அதிலுள்ள வெடி மருந்து, நீருக்கடியில் ஒரு சண்டை. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் திறமைக்குக் குறைவில்லை. சேர்த்துப் பார்த்தால், கல்யாண வீட்டில் மறுநாள் எல்லாக் குழம்பையும் ஒன்றாய்ச் சேர்த்துச் சுண்ட வைத்தது போலிருக்கிறது. (பழங் குழம்பின் ருசி அறிந்தவர்கள் இந்த உவமையை ஆட்சேபிக்கக் கூடும்.)

படத்துக்காக வாதாடுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள். இரண்டாம் பாகத்தின் ஒரு பகுதி முதற் பாகத்தோடு சேர்ந்தே எடுக்கப்பட்டது. பணக் கஷ்டத்தால் வேலை நின்று போயிற்று. சில வருஷங்கள் பெட்டியில் தூங்கி, பிறகு அவரே பொறுப்பேற்று முடித்தார். ஐந்தரை வருஷம் ஆறிப் போன பண்டத்தைச் சூடாகப் பரிமாறு என்றால் யாரால் முடியும்? இது நியாயமான பேச்சு. ஆயினும் டிக்கெட் வாங்குகிறவரிடம் தயாரிப்புக் கணக்கைக் காட்டி அநுதாபம் கேட்க முடியாது. தவிரவும், பெட்டியிலிருந்து எடுக்கும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. குறை அந்த அதிகாரத்தில்தான் என்பது நமது அபிப்பிராயம்.

நடிகருக்கும் டைரக்டருக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது? நடிகர், "இன்னும் ஒரு சண்டை வைக்கலாமே" என்கிறார். டைரக்டர், "போதும், ஐயா!" என்கிறார். இந்த "போதும்" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் டைரக்டர் என்று ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுப்பது. இருவரும் ஒருவரே ஆகிவிட்டால் அந்த வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை. கதாசிரியரும் அவரே, தயாரிப்பாளரும் அவரே என்றால் கேட்கவே வேண்டாம். இளம் வயதில் இதனால் பெரிய கெடுதல் இல்லை; உடம்பே பல இடங்களில் கதையைத் தூக்கிச் சென்றுவிடும். அறுபதைத் தாண்டிய பிறகுதான் "போதும்" என்பவர் மிகவும் தேவைப்படுகிறார்.

அப்படியானால் 1973-ல் எம்.ஜி.ஆருக்கு மட்டும் அது எப்படி நடந்தது? அவருக்கும் "போதும்" என்று சொல்ல ஒருவரும் இல்லையே? இங்கே ரஸிகர்களின் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆருக்கும் அவருடைய ஜனங்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவர் வாலிபராக வருவார். அவர்கள் வாலிபராகப் பார்ப்பார்கள். வயதைப் பற்றி இரு தரப்பாரும் பேசுவதில்லை. நாற்று நடுகிறவர்களும், பூப் பறிக்கிறவர்களும், ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர்களும் அந்த ஒப்பந்தத்தை மனமார ஏற்றுக் கொண்டார்கள். அது ஏமாளித்தனம் என்று பட்டணத்து விமர்சகர்கள் எழுதினால் எழுதட்டும். தெருக்கூத்தில் மீசைக்காரர் திரௌபதியாக வரும்போது அவருடைய மீசையையா பார்த்துக் கொண்டிருந்தோம்?

கமல்ஹாஸன் அந்த ஒப்பந்தத்தை நாடியவர் அல்லர். அதை உடைத்து எறிவதே தம் தொழில் என்று பல வருஷம் உழைத்தவர். கிழவராகவும், குள்ளராகவும், பெண்ணாகவும் வந்து, வேஷத்துக்குள்ளிருக்கும் மனிதனைப் பார் என்று தமிழ் ரஸிகர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர். "தேவர் மகன்" கதையை எழுதியவர். 2000-த்தில் "ஹே ராம்" எடுத்து, மஹாத்மாவைக் கொல்லப் புறப்பட்ட ஒருவன் மனம் மாறுவதைக் காட்டியவர். 2004-ல் "விருமாண்டி"யில் ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லச் செய்து, எது பொய், எது மெய் என்று பார்க்கிறவர்களையே யோசிக்க வைத்தவர். அது நம் மதுரைச் சீமையின் மண்ணும் பேச்சும் மணக்கும் படம். அவற்றைப் பார்த்து வளர்ந்த ரஸிகன் கதையைத் துருவித் துருவிப் பார்க்கிறான். குறை கண்டால் மன்னிப்பதில்லை. "விஸ்வரூபம்" இரண்டாம் பாகத்தைக் கண்டிப்பாக மதிப்பிட்டவர்கள் கமல்ஹாஸனின் விரோதிகள் அல்லர். அவரிடமே பாடம் கேட்ட மாணாக்கர்கள்.

இதை எழுதும்போது கொடைரோட்டுக்கு மேற்கேயுள்ள வத்தலக்குண்டின் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கோடைக்கானல் போகிறவர்கள் காப்பிக்கு வண்டியை நிறுத்தும் ஊர் என்றுதான் பலருக்கு அதைத் தெரியும். தேசபக்தர் ஸுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் அது. "கமலாம்பாள் சரித்திரம்" எழுதிய ராஜமய்யரின் ஊர். 1959-ல் "எழுத்து" என்ற சிறு பத்திரிகையை ஆரம்பித்துத் தமிழில் விமர்சனத்துக்கென்று ஓர் இடம் வகுத்த சி.சு. செல்லப்பாவின் ஊரும் அதுவே. பெயரைப் பார்த்து மதிப்புப் போடாதே, எழுத்தைப் பார்த்து மதிப்புப் போடு என்பதுதான் அந்தப் பத்திரிகை நடந்த வழி. சினிமாவுக்கு அந்த வழி இன்னும் முழுவதும் வந்து சேரவில்லை. ஒரு நட்சத்திரத்தின் படம் வெளியானால் ஒரு கூட்டத்தார் பால் அபிஷேகம் செய்கிறார்கள். எதிர்க் கூட்டத்தார் பரிகாசம் செய்கிறார்கள். இரண்டுக்கும் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. 2018-ல் இந்த இரு சாராரோடு மூன்றாவதாக அரசியல் கட்சிக்காரர்களும் சேர்ந்து கொண்டார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவிலும், படத்தைப் படமாகப் பார்த்து எழுதிய விமர்சகர்கள் சிலர் இருந்தார்கள் என்பது தமிழுக்குக் கௌரவம்.

தேசபக்தி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். படத்தின் கதாநாயகன் முஸ்லிம். இந்திய தேசத்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறவன். எந்த மதத்தில் பிறந்திருந்தாலும் அது பிழையன்று, தேசத் துரோகந்தான் பிழை என்ற கருத்தைப் படம் வெளிப்படையாகவே பேசுகிறது. முதற் பாகத்தைப் பற்றி ஆட்சேபித்தவர்களுக்கு இது அவருடைய பதில் என்று கொள்ளலாம். கருத்தில் நமக்குப் பூரண சம்மதம். ஆனால் கருத்து வசனமாக வரும்போது, மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் பேசுவது போல் கேட்கிறது. கட்சி ஆரம்பித்த வருஷமாகையால் நமக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ! முதற் பாகத்தில் தொழுதுவிட்டு எழுந்து அடித்தானே, அங்கே ஒரு வசனமும் இல்லாமல் இதே விஷயம் இன்னும் அழுத்தமாக விளங்கிற்று.

இந்தக் கஷ்டம் கமல்ஹாஸனுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஸ்ரீ அர்ஜுன் 1994-ல் தாமே டைரக்ட் செய்து நடித்த "ஜெய்ஹிந்த்" நன்றாக ஓடிய படம். இருபது வருஷங் கழித்து, 2014-ல், "ஜெய்ஹிந்த் 2" எடுத்தார். இந்தத் தடவை எதிரி, பள்ளிக்கூடக் கட்டணம். ஏழைக் குழந்தைக்கு நல்ல கல்வி கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தை எல்லாரும் பாராட்டினார்கள். சொன்ன விதம் பழையதாகிவிட்டது என்றும் எழுதினார்கள். தேகக் கட்டு குறையாத நடிகர் அவர். கட்டுக் குறையாதது சில சமயம் நஷ்டமாகவும் முடிகிறது. இருபது வருஷம் கடந்ததை அவர் உடம்பும் ஒப்புக் கொள்ளவில்லை, கதையும் ஒப்புக் கொள்ளவில்லை.

ஒப்புக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஸில்வெஸ்டர் ஸ்டாலோன் என்ற நடிகர் 1976-ல் "ராக்கி" என்னும் குத்துச்சண்டைக் கதையை எழுதி நடித்துப் பேர் பெற்றார். அடுத்த மூன்று பாகங்களைத் தாமே டைரக்ட் செய்தார். 1990-ல் வந்த ஐந்தாம் பாகத்தைக் கண்டு எல்லாரும் கை கழுவி விட்டார்கள். 2006-ல், அறுபதாவது வயதில், ஆறாம் பாகத்தை எழுதித் தாமே இயக்கினார். கேட்டவர்கள் நகைத்தார்கள். படம் வந்ததும் நகைப்பு நின்றது. ராக்கி இப்போது மனைவியை இழந்தவன். சாப்பாட்டு விடுதி நடத்தி, வருகிறவர்களுக்குப் பழைய சண்டைக் கதை சொல்லிக் காலந் தள்ளுகிறவன். கடைசியாக ஒரு தரம் களத்தில் இறங்கி, நின்று தாக்குப் பிடித்து, முடிவில் புள்ளிக் கணக்கில் தோற்கிறான். நடிகர் ஸ்டாலோன் ஜயித்திருக்கத்தான் ஆசைப்பட்டிருப்பார். டைரக்டர் ஸ்டாலோன் அவரைத் தோற்க வைத்தார். தாமே தமக்குப் "போதும்" சொல்லிக் கொள்ள முடியும் என்பதற்கு இந்த ஒரு சாட்சி போதும்.

கமல்ஹாஸனுக்கு அதைச் சொல்ல வேறொருவர் வந்தார். 2022 ஜூன் 3-ந் தேதி வெளியான "விக்ரம்" படத்தை இயக்கியவர் ஸ்ரீ லோகேஷ் கனகராஜ். 1986-ல் சுஜாதா எழுதி, கமல்ஹாஸன் துப்பறியும் வீரராக நடித்த பழைய "விக்ரம்" படத்தின் பெயரையும் அந்த வீரனையும் எடுத்துக் கொண்ட கதை இது. பழைய படம் வெளியான அதே வருஷத்தில்தான் இந்தப் புதிய டைரக்டர் பிறந்தார் என்பது வேடிக்கையான பொருத்தம். அவர் என்ன செய்தார்? கமல்ஹாஸனைப் படத்தின் ஆரம்பத்திலேயே இறந்து போனவராக்கி, பாதிப் படம் வரையில் மறைத்து வைத்தார். குடிகாரக் கிழவர் என்று மற்றவர்கள் பேசக் கேட்கிறோம். உண்மையில் அவர் யார் என்பது இடைவேளைக்கு முன்னால்தான் விளங்குகிறது. "விஸ்வரூபம்" முதற் பாகத்தில் கமல்ஹாஸனே கண்டுபிடித்து, இரண்டாம் பாகத்தில் அவரே தொலைத்துவிட்ட ரகசியம் இது! பிறகு அந்த வீரனின் கையில் ஒரு கைக்குழந்தையைக் கொடுத்தார். பேரன். பலத்த சத்தம் கேட்டால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. தாத்தா சண்டையிடும்போதெல்லாம் பேரனுக்காக அஞ்ச வேண்டியிருக்கிறது. 67 வயதான நடிகரின் வயதை மறைக்காமல், அதையே கதையின் அச்சாணியாக்கிவிட்டார். படம் கண்ட வெற்றியை யாவரும் அறிவர்.

ஆகவே வேறு டைரக்டரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். 2024 ஜூலையில் ஸ்ரீ ஷங்கர் டைரக்ஷனில் வந்த "இந்தியன் 2" இருக்கிறது. 1996-ல் ஜனங்களை ஆட்டி வைத்த "இந்தியன்" தாத்தா மறுபடி வந்தார், கண்டனங்கள்தான் மிஞ்சின. "போதும்" என்று சொல்ல வேண்டிய ஸ்தானத்தில் உட்கார்ந்திருப்பவர் "இன்னும் கொஞ்சம்" என்று சொன்னால், அந்த ஸ்தானத்தில் ஆள் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இதுகாறும் "விஸ்வரூபம்" இரண்டாம் பாகத்தின் குறைகளையே சொல்லிவந்தோம். அதில் ஒரு பகுதி மட்டும் எந்த விமர்சகரையும் சும்மா விடவில்லை. விஸாம் தன் தாயாரைப் பார்க்க வருகிறான். பல வருஷமாக அவனைக் காணாத தாயார். வயதினால் ஞாபகம் அழிந்துவிட்டது. எதிரே நிற்கும் மகனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தேசத்துக்காகப் பல பெயர்களில், பல வேஷங்களில் மறைந்து திரிந்தவன், கடைசியில் வேஷத்தைக் களைந்துவிட்டு வந்து நிற்கும்போது, அவனை அறிய வேண்டிய ஒரே ஜீவன் அவனை யாரென்று பார்க்கிறது. தாயாராக நடித்தவர் ஸ்ரீமதி வஹீதா ரஹ்மான். செங்கற்பட்டில் பிறந்து, 1956-ல் "அலிபாபாவும் 40 திருடர்களும்" படத்தில் எம்.ஜி.ஆர். காலத்து ரஸிகர்களுக்கு முன்னால் நடனமாடிவிட்டு, ஹிந்திப் படவுலகுக்குப் போய்க் கொடி நாட்டியவர். எண்பதாவது வயதில், எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு ஒரு தமிழ்ப் படத்துக்குத் திரும்பி வந்தார்.

அந்தப் பகுதியில் கமல்ஹாஸன் சும்மா நிற்கிறார், பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் அறுபத்து மூன்று வயதின் முழு பாரமும் முகத்தில் இறங்கியிருக்கிறது. இந்தக் காட்சியை மையமாக வைத்து அந்த இரண்டாம் பாகத்தை எடுத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் நமக்கு இன்னும் தீரவில்லை. எல்லாரிடமும் தன்னை மறைத்தவன் தன் தாயாருக்கே மறைந்து போனான் என்பதைவிட, ரகசியத்தில் பிறந்த கதைக்குப் பொருத்தமான இரண்டாம் பாகம் வேறு ஏது? புதிய காரணம் வேண்டும் என்று மேலே சொன்னோமே, அது கையிலேயே இருந்தது. அடுத்த சண்டைக்கு நேரமாகிவிட்டதென்று டைரக்டர் நடிகரை எழுப்பிக் கூட்டிக் கொண்டு போய்விட்டார்.

காலம் இத் தீர்ப்பை மாற்றுமா? மாற்றிய அநுபவம் இந்தப் பக்கத்திலேயே உண்டு. 1991 தீபாவளிக்கு வந்த கமல்ஹாஸனின் "குணா", அதே நாளில் வெளியான "தளபதி"யின் ஆரவாரத்தில் அமுங்கிப் போன படம். கோடைக்கானல் மலையில் அதைப் படமெடுத்த குகைக்கு ஜனங்கள் "குணா குகை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2024-ல் "மஞ்ஞும்மெல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் அந்தக் குகையையும் "குணா"வின் பாட்டையும் வைத்துப் பெரிய வெற்றி கண்டது. அந்த வருஷம் அந்தக் குகையைப் பார்ப்பதற்கென்றே கொடைரோடு வழியாக மலையேறியவர்களில், "குணா" வெளிவந்தபோது பிறந்தே இராதவர்கள் ஏராளம்.

"விஸ்வரூபம்" இரண்டாம் பாகம் முழுவதற்கும் அப்படி ஒரு மறுவாழ்வு வரும் என்று நாம் எண்ணவில்லை. தாயாரைப் பார்க்கும் அந்தப் பகுதிக்கு வரலாம். கொட்டகையில் பார்க்கத் தவறியவர்கள் அதை மட்டுமாவது ஓர் இரவு வீட்டில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முதற் பாகத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியங்கூட இல்லை.